சொல்லாமல் விட்ட ஒரு சொல்

2024ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள். ஆயுத பூஜை விடுமுறை. மாலை ஐந்தே முக்கால் மணியளவில் திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குப் புறப்பட்ட விமானம் ஒன்று, மேலே எழுந்த சிறிது நேரத்திலேயே பழுதுற்றது. ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு என்று செய்தி வந்தது. ஏறத்தாழ 140 பயணிகளைச் சுமந்துகொண்டு அந்த விமானம் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமிட்டது. கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்சுகளும் அணிவகுத்து நின்றன. தமிழகமெங்கும் வீடுகளில் தொலைக்காட்சியின் முன் மக்கள் அமர்ந்திருந்தனர். முன்பின் அறியாத அந்தப் பயணிகளுக்காக மன்றாடாத உதடுகள் அன்று குறைவு. இரவு எட்டேகால் மணியளவில் விமானம் நலமாகத் தரையிறங்கியது. நாம் இறைவனுக்கு நன்றி சொன்னோம், விமானிகளைப் பாராட்டினோம், இரண்டொரு நாளில் மறந்தும் போனோம்.

ஆயினும் அந்த மாலைப் பொழுது நம் உள்ளத்தில் ஒரு பழைய கேள்வியைக் கிளறிவிட்டது. பழுதுற்ற விமானம் உடனே இறங்காமல் ஏன் வட்டமிட்டது? எரிபொருளை எரித்துக் குறைப்பதற்காக. புறப்படும்போது விமானத்தின் வயிறு நிறைய எரிபொருள் இருக்கும். அந்தப் பாரத்தோடு இறங்கினால் சக்கரங்களும் தடுப்புகளும் தாங்கா. இறங்கும்போது ஏதேனும் நேர்ந்தால் தீயும் பெரிதாகும். எனவே பாரத்தைக் குறைக்க வேண்டும். ஆனால், பறப்பதற்கு உயிர் கொடுப்பதும் அதே எரிபொருள்தான். அதிகம் இருந்தால் ஆபத்து, தீர்ந்துபோனால் அழிவு. ஆகவே வட்டமிடும் விமானத்தில் ஒருவருடைய கண் எப்போதும் எரிபொருள் அளவின்மேல் இருந்தாக வேண்டும். அதனினும் முக்கியமாக, அவர் கண்டதைச் சொல்ல வேண்டும். சொன்னது உரியவரின் காதில் விழ வேண்டும்.

அப்படி விழாமற்போன ஒரு மாலையைப் பற்றியே இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

*

விமானத்தின் சக்கரங்கள் வானில் உள்ளே மடங்கிக் கிடக்கும். இறங்குமுன் விமானி ஒரு நெம்புகோலை இழுத்து அவற்றைக் கீழே விடுவார். பெரும்பாலும் எண்ணெயின் அழுத்தத்தால் அவை இயங்குகின்றன. அந்த அழுத்தம் இல்லாமற்போனால், தம் எடையாலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும் மாற்று வழியும் உண்டு. சக்கரங்கள் முழுதாய் இறங்கிப் பூட்டிக்கொண்டனவா என்பதை விமானி தம் இருக்கையிலிருந்து பார்க்க இயலாது. முன்னாலுள்ள பச்சை விளக்குகளே அதை அவருக்கு அறிவிக்கும். விளக்கு எரியாவிட்டால், பழுது சக்கரத்திலா விளக்கிலா என்ற ஐயம் எழும். அந்த ஐயத்தோடு இறங்கவும் துணிவு வராது. இறங்காமல் வானிலேயே தங்கிவிடவும் முடியாது.

1978ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு வந்துகொண்டிருந்த யுனைட்டெட் நிறுவனத்தின் 173ஆம் எண் விமானத்தில் இந்த ஐயம் எழுந்தது. நியூயார்க்கில் புறப்பட்டு டென்வர் வழியாக வந்த அந்த டி.சி.8 விமானத்தில் 189 பேர் இருந்தனர். சக்கரங்களை இறக்கியபோது பெரும் சத்தம் கேட்டது, விமானம் அதிர்ந்தது. வலப்புறச் சக்கரத்தை இயக்கும் தண்டு துருப்பிடித்துத் தளர்ந்திருந்ததால், சக்கரம் தடுப்பாரின்றிச் சடாரென விழுந்ததே அந்தச் சத்தத்தின் காரணம் என்று பின்னர் தெரிந்தது. ஆனால் அந்நேரத்தில் அது யாருக்கும் தெரியாது. விளக்குகளும் முழுமையாக எரியவில்லை.

தலைமை விமானி அந்நிறுவனத்தில் 27 ஆண்டுகள் பணியாற்றியவர். 27,000 மணி நேரத்துக்கும் மேல் வானில் பறந்தவர். அவர் அவசரப்படவில்லை. நகரத்தின் அருகே 5,000 அடி உயரத்தில் வட்டமிட்டபடி, ஒவ்வொன்றாகச் சரிபார்க்கச் செய்தார். சக்கரம் இறங்கியிருப்பதைக் காட்டும் சிறு குறிகள் அவ்விமானத்தின் இறக்கைகளின்மேல் உண்டு. அவற்றைப் பார்த்துவரச் செய்தார். சக்கரங்கள் இறங்கியிருப்பதாகவே அவையும் காட்டின. என்றாலும், இறங்கும்போது சக்கரம் முறிந்தால் பயணிகள் என்னாவர் என்ற கவலை அவரை விடவில்லை. அவர்களை ஆயத்தப்படுத்தப் பணிப்பெண்களுக்குப் போதிய நேரம் கொடுத்தார். முதியவர், குழந்தைகள், அவசர வாயில்கள், தலைகுனிந்து அமரும் முறை என ஒவ்வொன்றும் அவர் எண்ணத்தில் இருந்தன.

இப்படி ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழிந்தது. எரிபொருள் அவர் எண்ணத்திலிருந்து நழுவிவிட்டது.

அவர் அருகே துணை விமானி இருந்தார். பின்னால் விமானப் பொறியாளர் இருந்தார். அளவு குறைவதை இருவரும் கண்டனர். துணை விமானி எரிபொருள் எவ்வளவு உள்ளது என்று கேட்டார். இன்னும் பதினைந்து நிமிடம் சுற்றலாம் என்று தலைமை விமானி கணக்கிட்டபோது, அது போதாது, பதினைந்து நிமிடத்தில் எரிபொருள் மிகவும் குறைந்துவிடும் என்று பொறியாளர் சொன்னார். சொல்லத்தான் சொன்னார். ஆனால் உடனே இறங்கியாக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. துணை விமானியும் சொல்லவில்லை. பேச்சு மீண்டும் சக்கரத்திற்குத் திரும்பியது. இறுதியில், இயந்திரம் ஒன்று நிற்கப்போகிறது என்று துணை விமானி கூறியபோது, ஏன் என்று கேட்டார் தலைமை விமானி. எரிபொருள் என்பதே விடையாக வந்தது.

அடுத்தடுத்து நான்கு இயந்திரங்களும் அடங்கின. ஓடுபாதைக்கு ஆறு மைல் தொலைவில், புறநகர்ப் பகுதி ஒன்றின் மரங்களுக்கிடையே விமானம் விழுந்தது. ஆளில்லாத இரண்டு வீடுகள் அதன் வழியில் நொறுங்கின. எரிபொருள் சிறிதும் இல்லாததால் தீப்பற்றவில்லை. அதனாலேயே பெரும்பாலோர் உயிர் தப்பினர். பத்துப் பேர் இறந்தனர். எட்டுப் பேர் பயணிகள், ஒருவர் பணிப்பெண், மற்றொருவர், எரிபொருள் போதாது என்று சொன்ன அந்தப் பொறியாளர். சக்கரங்களோ உரியபடி இறங்கிப் பூட்டியே இருந்தன. எண்ணிப் பார்த்து அஞ்சிய ஆபத்து இல்லவே இல்லை. எண்ணாமல் விட்ட ஆபத்தே வந்து சேர்ந்தது.

*

இந்த நிகழ்ச்சியில் நாம் யாரைக் குற்றவாளி என்போம்? அவர்கள் பெயர்களை நாம் இங்கு எழுதவில்லை. தீர்ப்பிட நாம் அமரவுமில்லை. ஆனால் கேள்வியை விட்டுவிடவும் முடியவில்லை.

விசாரணை நடத்திய அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1979இல் தன் அறிக்கையை வெளியிட்டது. எரிபொருள் நிலையைக் கவனிக்கத் தவறியதும், உடன் பணிபுரிந்தோர் தெரிவித்ததற்குத் தக்கபடி செயல்படாததும் தலைமை விமானியின் குறை என்றது. அத்தோடு நிற்கவில்லை. நிலைமையின் கடுமையை முழுதாய் உணராமலோ, உணர்ந்ததைத் தலைவருக்கு உறைக்கும்படி எடுத்துச் சொல்லாமலோ இருந்தது மற்ற இருவரின் குறை என்றும் எழுதியது. எழுத்தில் அமைந்த சட்டமொழிதான். ஆனால் அதனுள் ஆழ்ந்த ஓர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது. மூத்தவர்முன் அடங்கியிருப்பது நற்பண்பா, குற்றமா? மெதுவாகச் சொல்லிவிட்டால் சொல்லும் கடமை தீர்ந்துவிடுமா?

செய்யத் தகாததைச் செய்வது மட்டுமன்று, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் பாவம் என்று சிறு வயதிலேயே கற்றவர்கள் நாம். ஆனால் சொல்லாமல் விட்டதை அந்தக் கணக்கில் நாம் எளிதில் சேர்ப்பதில்லை. ஏனெனில் சொல்லாமை நமக்கு மரியாதையின் வடிவில் வருகிறது. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே, எதிர்த்துப் பேசாதே, அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது என்றே வளர்ந்தோம். அப்படியே பிள்ளைகளையும் வளர்க்கிறோம். இவ்வளர்ப்பில் நன்மையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. இதற்கு ஒரு விலையும் உண்டு என்பதையே சொல்கிறோம்.

இது கிழக்கத்திய மக்களின் குணம் மட்டுமே என்று எண்ணிவிடலாகாது. தலைவரைப் பெயர் சொல்லி அழைக்கும் நாட்டில்தான் போர்ட்லண்ட் நிகழ்ச்சி நடந்தது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1972 டிசம்பர் 29ஆம் நாள் இரவு, அதே நாட்டின் மயாமி நகரருகே நடந்தது இன்னும் வியப்புக்குரியது. ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 401ஆம் எண் விமானம் இறங்கவிருந்தபோது, முன்சக்கரத்திற்குரிய பச்சை விளக்கு எரியவில்லை. விமானத்தை 2,000 அடி உயரத்தில் நிலைநிறுத்தும்படி தானியங்கிக் கருவியை அமைத்துவிட்டு, விமானிகள் அந்தச் சிறு விளக்கைக் கழற்றி ஆராய்ந்தனர். பொறியாளர் கீழே உள்ள அறையில் இறங்கிச் சக்கரத்தை நேரில் காண முயன்றார். இதற்கிடையே, கைபட்டோ உடல்பட்டோ தானியங்கியின் பிடி தளர்ந்தது. விமானம் சிறிது சிறிதாகத் தாழ்ந்தது. கீழே விளக்கொளி எதுவுமற்ற சதுப்புக்காடு. தாழ்வதை உள்ளிருந்த எவரும் கவனிக்கவில்லை.

வெளியே ஒருவர் கண்டார். தரைக் கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்த அலுவலரின் திரையில் விமானத்தின் உயரம் 900 அடி என்று தெரிந்தது. கருவி சில நொடிகள் தவறான உயரம் காட்டுவது உண்டு என்பதால், அவர் அதை உறுதியாக நம்பிவிடவில்லை. எனவே உங்கள் உயரம் குறைகிறது என்று அவர் சொல்லவில்லை. அங்கே எல்லாம் எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது என்று மட்டும் விசாரித்தார். பண்பான கேள்வி. விமானியும் பண்பாகவே விடையளித்தார். ஏறத்தாழ அரை நிமிடத்தில் விமானம் சதுப்பு நிலத்தில் மோதியது. 176 பேரில் 101 பேர் இறந்தனர். அங்கும் சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது. பழுதானது விளக்கு மட்டுமே.

உயரம் என்ற ஒரு சொல்லை அந்த அலுவலர் சொல்லியிருந்தால் ஒருவேளை அனைவரும் பிழைத்திருப்பர். ஆனால் அவர் மேல் கல்லெறிய நமக்குக் கை எழவில்லை. அவரைப்போலவே கேட்டவர்கள் நாம்.

*

முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. வேளாங்கண்ணித் திருவிழா முடிந்து, உறவினர் பதினோரு பேர் ஒரு வேனில் திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பெரியப்பா தாமே ஓட்டினார். முந்திய இரவும் அவர் சரியாக உறங்கவில்லை. திருவாரூரைக் கடந்தபோது மணி ஒன்றரை. கண்ணாடியில் அவர் கண்கள் சொருகுவது நமக்குத் தெரிந்தது. வேறு சிலருக்கும் தெரிந்தது. முன்னிருக்கையிலிருந்த பெரியம்மா செபமாலையைச் சற்று உரக்கச் சொல்லத் தொடங்கினார். பக்திக்காக மட்டும் அல்ல என்பது எல்லாருக்கும் விளங்கிற்று. அத்தை ஒருவர் பின்னாலிருந்து வெற்றிலைப்பெட்டியை வேண்டுமென்றே தட்டினார். நாம் நம் பங்குக்கு, “பெரியப்பா, நீடாமங்கலத்துல நிறுத்தி ஒரு டீ குடிச்சிட்டுப் போகலாமா?” என்று கேட்டோம். “வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கலாம்” என்றார். அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை.

நீடாமங்கலம் தாண்டி நான்கைந்து கிலோமீட்டரில் வண்டி சாலையை விட்டு இறங்கி, வயலில் கவிழ்ந்தது. சேற்று வயலாக இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பெரியம்மாவின் வலக்கை அதன்பின் இறக்கும்வரை தோளுக்கு மேலே எழவில்லை.

அந்த இரவில் நாம் செய்தது என்ன? பொய் சொல்லவில்லை. கண்டும் காணாமல் இருந்துவிடவும் இல்லை. ஏதோ ஒன்று சொன்னோம். ஆனால் உண்மையை, அது புண்படுத்தாத அளவுக்கு, தேநீரில் கரைத்துக் கொடுத்தோம். நீங்கள் உறங்குகிறீர்கள், வண்டியை நிறுத்துங்கள் என்ற இரண்டு வாக்கியங்கள் நெஞ்சில் இருந்தன, நாவுக்கு வரவில்லை. அவை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெரியப்பா கோபப்பட்டிருப்பார். அவ்வளவுதான். அந்தக் கோபத்துக்கு அஞ்சி, பதினோரு உயிர்களை ஓர் இரவின் தற்செயலுக்கு ஒப்புக்கொடுத்தோம். அதற்கு மரியாதை என்று பெயரும் சூட்டினோம்.

மரியாதை என்பது எதிரே இருப்பவரின் நலனை நாடுவது. நாம் அன்று நாடியது நம் நலனை. ஒரு கடுஞ்சொல்லிலிருந்து நம்மைக் காத்துக்கொள்வதை. பெரியப்பாவை உண்மையில் மதித்திருந்தால், அவர் தம் கையாலேயே தம் மனைவியை முடமாக்கும்படி விட்டிருக்கமாட்டோம்.

*

இங்கே ஒரு தடை எழும். அது நியாயமான தடையே. எல்லாரும் எப்போதும் பேசத் தொடங்கினால் என்ன ஆகும்? தலைவர் என ஒருவர் இல்லாமல் குடும்பமும் நடவாது, விமானமும் பறவாது. நெருக்கடியில் ஒருவர் முடிவெடுக்க வேண்டும். மற்றவர் கேட்க வேண்டும். இளையவர் கண்டதெல்லாம் சரியாகவும் இராது. வாயடக்கம் பல வேளைகளில் அறிவின் அடையாளம் அன்றோ?

உண்மைதான். விமானத்துறையே இதை ஏற்கிறது. 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது பணிக்குத் தேவையற்ற பேச்சு எதுவும் விமானிகளிடையே கூடாது என்ற விதியை 1981இல் அமெரிக்க அரசு கொண்டுவந்தது. ஆகவே மௌனம் இருவகை. வீண்பேச்சை அடக்கிக் கவனத்தைக் காக்கும் மௌனம் ஒன்று. தேவையான பேச்சை அடக்கி அச்சத்தைக் காக்கும் மௌனம் மற்றொன்று. வெளியே இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். எது எது என்று பேசாதிருப்பவரின் மனச்சான்று மட்டுமே அறியும்.

தலைமையை அகற்றிவிடுவதும் இதற்கு மருந்தாகாது. போர்ட்லண்ட் விபத்துக்குப்பின் விமானத்துறை கண்ட வழி வேறு. 1979இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா கூட்டிய ஆய்வரங்கில் இது விவாதிக்கப்பட்டது. 1981இல் அதே யுனைட்டெட் நிறுவனம் தன் விமானிகளுக்குப் புதியதொரு பயிற்சியைத் தொடங்கியது. இன்று உலகெங்கும் பயணிகள் விமானங்களை ஓட்டுவோர் இதனைக் கற்கின்றனர். தலைமை விமானியே இறுதி முடிவு எடுப்பார், அதில் மாற்றமில்லை. ஆனால் மற்றவர் கேட்டதை அவர் காதில் வாங்கியாக வேண்டும். இளையவர் கண்டதைச் சொல்லியாக வேண்டும்.

எப்படிச் சொல்வது என்பதையும் படிப்படியாகக் கற்பிக்கிறார்கள். முதலில் அவரை விளித்துக் கவனத்தை ஈர்க்க வேண்டும். பின் தம் கவலையைத் தெரிவிக்க வேண்டும். கண்ட ஆபத்து எது என்று தெளிவாய்க் கூற வேண்டும். செய்யத்தக்கது இது என்று முன்வைக்க வேண்டும். இறுதியாக, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டு விடை பெற வேண்டும். விடை வராமல் கடமை முடிவதில்லை. போர்ட்லண்டில் பொறியாளர் ஆபத்தைச் சொன்னார், செய்யத்தக்கதைச் சொல்லவில்லை. மயாமியில் அலுவலர் விளித்தார், ஆபத்தைச் சொல்லவில்லை. வேனில் நாம் செய்யத்தக்கதைச் சொன்னோம். ஏன் என்று சொல்லவில்லை. மூவரும் பாதி வழி நடந்து நின்றுவிட்டோம்.

இதில் நமக்குப் புதிதாக ஒன்றுமில்லை எனலாம். இடித்துரைத்தல் என்ற சொல் தமிழுக்குப் பழையது. மன்னனுக்கு அமைச்சன் செய்ய வேண்டிய கடமையாக அதனை நம் முன்னோர் வகுத்தனர். முகமன் கூறுவதற்கு அவையில் ஆள் பலர் கிடைப்பர். இடித்துரைக்க ஒருவன் வேண்டும் என்று அறிந்திருந்தனர். அந்தச் சொல்லை நூல்களில் வைத்துப் போற்றிவிட்டு, வீட்டில் பிள்ளை வாய் திறந்தால் அதட்டுகிறோம்.

*

பயிற்சி பயன் தந்ததா? 1989 ஜூலை 19ஆம் நாள் இதே நிறுவனத்தின் 232ஆம் எண் விமானம், இதே டென்வரிலிருந்து புறப்பட்டது. வால்பகுதியிலிருந்த இயந்திரம் வெடித்துச் சிதறி, ஹைட்ராலிக் அமைப்புகள் மூன்றையும் ஒருசேர அறுத்தது. விமானத்தைத் திருப்பவும் உயர்த்தவும் தாழ்த்தவும் இருந்த வழிகள் யாவும் அடைபட்டன. இவ்வாறு நேரும் என்று எவரும் எண்ணியதில்லை. இதற்கெனக் கையேட்டில் ஒரு வரியும் இல்லை.

தலைமை விமானி அல் ஹேன்ஸ், தமக்கு எல்லாம் தெரியும் என்று பாவனை செய்யவில்லை. பயணிகளில் ஒருவராக அமர்ந்திருந்த பயிற்சி விமானி ஒருவர் உதவ முன்வந்ததும் அவரை உள்ளே அழைத்தார். எஞ்சிய இரண்டு இயந்திரங்களின் விசையைக் கூட்டியும் குறைத்தும் விமானத்தைத் திருப்பும் வேலையை அவரிடமே ஒப்படைத்தார். நால்வரும் கண்டதைக் கண்டவுடன் கூறினர். ஒருவர் சொன்னதை மற்றவர் எடுத்துக்கொண்டனர். சக்கரங்களை மாற்று வழியில் இறக்கினர். அயோவா மாநிலத்தின் சூ சிட்டி விமான நிலையத்தில், இயல்பினும் மிகு வேகத்தில் இறங்கிய விமானம் சிதறித் தீப்பற்றியது. 296 பேரில் 112 பேர் இறந்தனர். 184 பேர் பிழைத்தனர். அத்தனை பேர் பிழைத்ததே அரிது என்றனர் அறிந்தோர். ஹேன்ஸ் 2019இல் காலமானார். அதுவரை ஊர் ஊராகச் சென்று பேசிய அவர், தம் திறமையைப் பாடவில்லை. நால்வராய்ச் சேர்ந்து சிந்திக்கக் கற்பித்த பயிற்சியையே பெரிதும் பாராட்டினார். போர்ட்லண்டில் இறந்த பத்துப் பேரின் சாவிலிருந்து பிறந்த பாடம் அது.

ஆனால் கற்ற பாடம் கற்றபடியே நிலைத்துவிடுவதில்லை. 2020 மே 22ஆம் நாள், ரம்சான் நோன்பின் இறுதி நாள்களில், லாகூரிலிருந்து கராச்சிக்கு வந்த விமானத்தை எண்ணிப் பாருங்கள். மிகுந்த உயரத்திலிருந்து மிகுந்த வேகத்தில் அது இறங்கி வந்தது. உயரம் அதிகம் என்று தரையிலிருந்து எச்சரித்தனர். சமாளித்துக்கொள்வோம் என்று விமானிகள் கூறினர். விமானிகளின் பேச்சு பெரும்பகுதியும் கொரோனாவைப் பற்றியே இருந்தது என்கிறது முதல்கட்ட அறிக்கை. ஒருமுறை இறக்கிய சக்கரங்கள் மீண்டும் உள்ளே மடக்கப்பட்டிருந்தன. எச்சரிக்கை ஒலிகள் எழுந்தன, எவரும் செவிகொடுக்கவில்லை. சக்கரமின்றியே விமானம் ஓடுபாதையைத் தொட்டது. இயந்திரங்கள் தரையில் உரசின. விமானிகள் மீண்டும் மேலே எழுப்பினர். இயந்திரங்கள் உரசியதைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்தோர் கண்டனர். ஆனால் அதை விமானத்துக்கு நேரே தெரிவிக்கவில்லை என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. சற்று நேரத்தில் இரண்டு இயந்திரங்களும் நின்று, விமானம் குடியிருப்புகளின்மேல் விழுந்தது. விமானத்திலிருந்த 99 பேரில் 97 பேரும், தரையில் ஒருவரும் மாண்டனர். சொன்னதைக் கேளாமையும் கண்டதைச் சொல்லாமையும் ஒரே மணி நேரத்தில் கைகோத்துக்கொண்டன.

எனவே பழி பேசாதிருந்தவர் மேல் மட்டும் விழுவதன்று. பேசுவது அவர் கடமை. பேச இடம் விடுவது தலைவரின் கடமை. இவ்விரண்டில் எது பெரிது என்று கேட்டால், இரண்டாவதையே சொல்வோம். ஏனெனில் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. நூறு முறை அதட்டியவர், நூற்றோராம் முறை ஏன் சொல்லவில்லை என்று கேட்பதில் நியாயம் குறைவு. இது விமானத்தோடு நின்றுவிடுவதில்லை. மருந்தின் அளவு தவறென்று அறிந்தும் மருத்துவர்முன் தயங்கும் செவிலி உண்டு. கணக்கில் பிழையென்று கண்டும் மேலாளர்முன் வாய்மூடும் எழுத்தர் உண்டு. தந்தை குடியால் அழிவதைக் கண்டு உள்ளுக்குள் அழும் மகளும் உண்டு. இவர்களுடைய மௌனத்தைக் கட்டியெழுப்பியதில் அந்த மருத்துவருக்கும் மேலாளருக்கும் தந்தைக்கும் பங்கில்லையா?

மருத்துவமனையில் கையில் கட்டோடு பெரியம்மா படுத்திருந்தபோது, பெரியப்பா எங்களைப் பார்த்துக் கேட்டார்: “வண்டியில அத்தனை பேரு முழிச்சுக்கிட்டுத்தானே இருந்தீங்க? ஒருத்தராவது நிறுத்துன்னு சொல்லக் கூடாதா?” எங்களிடம் பதில் இல்லை. பெரியம்மாதான் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: “சொல்லியிருந்தா நீங்க நிறுத்தியிருப்பீங்களா?”

பெரியப்பாவிடமும் பதில் இல்லை. இரு கேள்விகளும் நியாயமானவை. ஒன்று மற்றொன்றைத் தள்ளுபடி செய்வதில்லை. நாம் நம் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் தம் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அவர் சொன்னார். வாயால் அன்று. வண்டி பழுது நீங்கி வந்தபின், எப்போது ஓட்ட அமர்ந்தாலும், முன்னிருக்கையில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார். அது பத்து வயதுப் பேரனானாலும் சரி. “என் கண்ணு சொருகுனா அதட்டு. மரியாதை பார்க்காதே” என்பார். பேரன் சரி என்று தலையசைத்த பிறகே சாவியைத் திருப்புவார்.